மாப்பிள்ளைக்கு ஈட்டிய விடுப்பு உண்டா?

மே 4, ஆன்டீப் துறைமுகம், பிரான்ஸ்

அக்கா போனுல சொன்னா: "லேய், உனக்குக் கோவம் வந்தா எதிர்ல நிக்கிறவனை ஏசாத. ஒரு நோட்டுல எழுதி வையி." அதான் எழுதுறேன்.

பேரு கோமதிநாயகம். ஊரு பாளையங்கோட்டை. வயசு முப்பத்தஞ்சு. வேலை, பணக்காரங்க ஊர் சுத்துற சொகுசுப் படகுல தலைமைச் சமையல்காரர். தலைமைன்னா எனக்குக் கீழ நாலு பேரு இருக்காங்கன்னு நினைக்காதீங்க. ஒருத்தனும் கிடையாது. சாஸ் கிண்டுறதும் நான்தான், சட்டி கழுவுறதும் நான்தான். படகு பேரு 'பெல்லா'. மேல பளிங்குத் தரை, வெள்ளைச் சோபா. கீழ நாங்க இருக்கிற இடத்துல நிமிர்ந்து நின்னா தலை இடிக்கும்.

கேப்டன் ஸ்டிப்பே, குரோஷியாக்காரர். சிரிச்சா சம்பளத்துல பிடிச்சிருவாங்கங்கிற மாதிரி மூஞ்சி. விருந்தாளிகளைக் கவனிக்கிற பொண்ணுங்களுக்குத் தலைவி ஆன்னெக்கே, தென்னாப்பிரிக்கா. என்கூட ஒரே அறையில மேல் கட்டில்ல படுக்கிறவன் ரொமெல், இன்ஜின் மெக்கானிக், பிலிப்பைன்ஸ். அவன் குறட்டையைக் கேட்டு, நங்கூரம் போட்ட படகுல எவன் இன்ஜினை ஓட விட்டான்னு கேப்டன் ஒருநாள் இறங்கி ஓடி வந்தாரு.

அக்கா ஒரு வரன் பார்த்திருக்கா. ஆவுடைச்செல்வி. மின்வாரியத்துல கணக்குப் பிரிவுல வேலை. போட்டோ அனுப்பினா. சுமாரா இருக்கு. எனக்கொண்ணும் பெருசாத் தோணலை. ஆன்னெக்கேகிட்ட சொல்லி அச்சடிச்சு ஃப்ரிட்ஜ் கதவுல வச்சிருக்கேன். காந்தம் ஒண்ணு சும்மா கிடந்துச்சு, அதுக்காகத்தான்.

மே 9

பொண்ணோட அப்பா சங்கரலிங்கம் வாட்ஸ்அப்புல பேசி அனுப்பியிருக்காரு. கருவூலத்துல கண்காணிப்பாளரா இருந்து ஓய்வு பெற்றவராம். குரலைக் கேட்டா ஓய்வு பெற்ற மாதிரி தெரியலை.

"தம்பி, வணக்கம். சங்கரலிங்கம் பேசுறேன். பணி நிரந்தரமா, தற்காலிகமா? அகவிலைப்படி எத்தனை சதவீதம்? வருங்கால வைப்பு நிதி பிடிக்காங்களா? பணிக்கொடை உண்டா? ஈட்டிய விடுப்பைச் சரண் பண்ணிக் காசாக்கலாமா? குடும்ப ஓய்வூதியம் உண்டா? அதாவது, நீங்க தவறிட்டா எம் பொண்ணுக்கு மாசம் என்ன வரும்?"

நான் இன்னும் பொண்ணு பார்க்கவே போகலை. அதுக்குள்ள என்னைக் கொன்னு, காரியமும் முடிச்சு, பாக்கிப் பணத்துக்கு வந்துட்டாரு.

உள்ளதை எழுதிருதேன், இது என் நோட்டுதானே. சம்பளம் மாசம் ஆறாயிரம் யூரோ. நம்ம காசுக்கு மாத்தினா கண்ணு விரியும். சோறு, படுக்கை, சீருடை, விமான டிக்கெட் எல்லாம் சும்மா. ஆனா ஏப்ரல் டு செப்டம்பர்தான் வேலை. சீசன் முடிஞ்சா "போயிட்டு வா ராசா"ன்னு அனுப்பிருவாங்க. மீதி ஆறு மாசம் சம்பளம் கிடையாது. விருந்தாளிங்க குடுக்கிற டிப்ஸைச் சரிசமமாப் பிரிப்பாங்க. பதினாலு வகை சமைச்சவனுக்கும் ஒரு பங்கு, கயித்தைக் கட்டிட்டுக் கைகட்டி நின்னவனுக்கும் ஒரு பங்கு. என்ன நியாயம் இது? ஓய்வூதியம், பணிக்கொடை, அகவிலை ஒண்ணும் கிடையாது. நடுக்கடல்ல விலைவாசியாவது ஒண்ணாவது.

இன்னொரு வரனும் வரிசையில நிக்குதாம். மானூர் பக்கம் கிராம நிர்வாக அலுவலர். அக்கா சொன்னா. எனக்கென்ன, நிக்கட்டும்.

மே 10

"எல்லாம் உண்டு சார்"னு பதில் அனுப்பிட்டேன்.

மே 16

சும்மா இருந்திருக்கலாம். "எல்லாம் உண்டு"ன்னு சொன்னதும் மனுஷன் சந்தோஷப்படுவாருன்னு பார்த்தா, சந்தேகப்பட்டுட்டாரு. இன்னைக்குப் போனே பண்ணிட்டாரு.

"தம்பி, தப்பா நினைக்காதீங்க. நம்ம பக்கம் நாலு பேருகிட்ட விசாரிக்காமப் பொண்ணு குடுக்க மாட்டோம். உள்ளூர் பையன்னா ஆபீஸ் வாசல் டீக்கடையில ஒரு டீயைக் குடிச்சா அவன் லட்சணம் தெரிஞ்சுரும். உங்க ஆபீஸ் வாசல்ல டீக்கடை இருக்கா?"

"வாசல்ல கடல்தான் இருக்கு மாமா."

வாய்ல 'மாமா' வந்துருச்சு. அவரு கண்டுக்கலை.

"அதான் பிரச்சினை. எங்க சொந்தக்காரர் ஒருத்தர் அந்தப் பக்கம் இருக்காரு. வந்து பார்ப்பாரு. யாரு, எப்பன்னு சொல்ல மாட்டேன். முன்கூட்டிச் சொல்லிட்டுப் போனா அது ஆய்வு இல்லை, விருந்து."

மே 21

துறைமுகத்துல நம்ம நிறத்துல யாரு நடந்தாலும் சமையலறை ஜன்னல் வழியா எட்டிப் பார்க்கேன். முந்தாநாள் ரோஜாப்பூ விக்கிற ஒருத்தர் படகையே உத்து உத்துப் பார்த்துக்கிட்டு நின்னாரு. பூக்காரன் வேஷத்துல வந்திருக்காரு, பழைய தந்திரம்னு புரிஞ்சுக்கிட்டேன். உடனே நாலு உளுந்த வடை, சட்னி, ஒரு டம்ளர் காப்பி. "ஐயா, நல்லாச் சாப்பிடுங்க. இங்க எனக்கு ரொம்ப மரியாதை"ன்னு தமிழ்ல சொன்னேன். அவரு தலையாட்டிக்கிட்டே தின்னாரு.

இன்னைக்கும் வந்தாரு. மூணு நாளா வடை குடுத்ததுக்கு அப்புறந்தான் கேட்டேன். பங்களாதேஷ்காரராம். சவத்தெளவு! நாளைக்குத் தம்பியையும் கூட்டிட்டு வரட்டுமான்னு கேக்காரு.

ஜூன் 2

கோர்சிகா பக்கம் போறோம். கொஞ்சம் அலை. எனக்கு ஒண்ணும் செய்யலை. மத்தியானம் முழுக்கச் சமையலறைத் தரையில உக்காந்து ஓய்வெடுத்தேன். பக்கெட்டு பக்கத்துல இருந்தது தற்செயல். எல்லாருக்கும் சாண்ட்விச் போதும்னு நானா முடிவு பண்ணினேன், உடம்புக்கு நல்லதுன்னு.

ஜூன் 14

வந்துட்டாரு!

இந்த வாரம் படகை வாடகைக்கு எடுத்த விருந்தாளி யாரும் இல்லை. முதலாளியே குடும்பத்தோட வந்திருக்காரு. கூட ஒரு ஆளு. ஐம்பது வயசு, கண்ணாடி, நம்ம நிறம், நெத்தியில லேசா விபூதி மாதிரி என்னமோ. பேரு வீராப்பென். கேட்டீங்களா, வீராப்பென்! வீரப்பன்னு சொன்னா கண்டுபிடிச்சிருவேன்னு இழுத்துச் சொல்றாரு.

எங்க படகுல யாரு ஏறினாலும் செருப்பைக் கழட்டிக் கூடையில போடணும், மரத்தளம் கெட்டுப்போயிரும். முதலாளி பொண்டாட்டிக்கே ஆன்னெக்கே வருஷா வருஷம் ஞாபகப்படுத்தணும். இவரு யாரும் சொல்லாமலே கழட்டி, ஜோடியா ஓரமா வச்சுட்டு ஏறினாரு. நம்ம ஆளுதான், சந்தேகமே இல்லை.

ஏறி அரை மணி ஆகலை, நேரா சமையலறைக்கு வந்தாரு. வெள்ளைக்காரன்னா "என்ன வாசனை, பிரமாதம்"னு ஆரம்பிப்பான். இவரு இங்கிலீஷ்ல கேட்ட முத கேள்வி: "உனக்கு இங்க எவ்வளவு சம்பளம்?"

முகம் தெரியாத ஆளுகிட்ட முத வார்த்தையா சம்பளம் கேக்கிறவன் இந்த உலகத்துல வேற யாரு?

ஜூன் 15

தமிழே தெரியாத மாதிரி நடிக்காரு. மொரீஷியஸ் தீவுல பிறந்தாராம், தாத்தா காலத்துல போனவங்களாம், இப்ப வீட்ல தமிழ் கிடையாதாம், ஆனா தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பாராம். சங்கரலிங்கத்துக்குச் சொந்தம் எங்கெல்லாம் பரவியிருக்கு பாருங்க.

நானும் விடலை. "சார், உங்க சட்டையில குழம்பு கொட்டிருச்சு"ன்னு தமிழ்ல சொன்னேன். குனிஞ்சே பார்க்கலை. என்னா நடிப்பு! கருவூலத்து ஆளுங்க பயிற்சி குடுத்துத்தான் அனுப்பியிருக்காங்க.

அப்புறம் விவரம் சொன்னேன். சம்பளம் பன்னெண்டாயிரம் யூரோன்னேன். அவரு கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. "பன்னெண்டா?" "அடிப்படைச் சம்பளம் மட்டும்"னேன். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை நடத்துன்னு பெரியவங்களே சொல்லியிருக்காங்க. நான் சொன்னது அஞ்சோ ஆறோ, இன்னும் தொள்ளாயிரத்துச் சொச்சம் பாக்கி இருக்கு.

ஜூன் 16

இன்னைக்கும் வந்தாரு. விடுப்பைக் கேட்டாரு. வருஷத்துக்கு நாலு மாசம், முழுச் சம்பளத்தோடன்னு சொன்னேன். தங்குற அறை? தனி அறை, பால்கனியோடன்னு சொன்னேன். டிப்ஸ்? பாதி எனக்கு, மீதியை மத்தவங்க பிரிச்சுக்கிடுவாங்கன்னு சொன்னேன். மருத்துவம்? எனக்கும் குடும்பத்துக்கும், வரப்போற மாமனார் மாமியாருக்கும்னு சொன்னேன். இதைக் கேட்டு அவருக்கே குஷியா இருக்கும்னு ஓரக்கண்ணால பார்த்தேன். எல்லாத்தையும் போனுல தட்டிக்கிட்டே இருந்தாரு.

"இதெல்லாம் கேப்டனுக்குத் தெரியுமா?"ன்னு கேட்டாரு.

"கேப்டனா? நான் சொல்லாம அவரு நங்கூரத்தையே தூக்க மாட்டாரு"ன்னு சொன்னேன்.

சாயங்காலம் அவருக்கு மட்டும் தனியா தேங்காப்பால் சொதியும் இஞ்சித் துவையலும். ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாரு. ஃப்ரிட்ஜ்ல இருக்கிற போட்டோவைப் பார்த்து யாருன்னு வேற கேட்டாரு, ஒண்ணும் தெரியாத மாதிரி! நான் வெக்கப்பட்டுட்டேன்.

ஜூன் 18

அக்கா போன். ஒரே சிரிப்பு. "லேய், காயி கனிஞ்சிருச்சு! அவங்க சொந்தக்காரர் நேர்ல வந்து பார்த்துட்டாராம். தங்கமான பையன், கப்பல் ரொம்பப் பெருசு, நாலு பேருகிட்ட விசாரிச்சேன், நாலு பேரும் ஒரே மாதிரி சொன்னாங்கன்னு சொல்லிட்டாராம். சங்கரலிங்கம் சம்மதம்னுட்டாரு."

"நான் சொதி வச்சுக் குடுத்தேன்லா, அதான்"னேன்.

"சொதியா? அந்த டென்மார்க் மாமா சொதியெல்லாம் சாப்பிட்ட மாதிரி சொல்லலையே."

"எந்த டென்மார்க்? இவரு மொரீஷியஸ்."

"மொரீஷியஸ்ல அவங்களுக்கு யாருல இருக்கா? வந்தது டென்மார்க்ல இருக்கிற மாமா."

இந்தப் படகுக்கு டென்மார்க்ல இருந்து ஒருத்தரும் வரலை. அப்படின்னா வீராப்பென் யாரு? சாம்பார் கரண்டியைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நின்னேன். ஆன்னெக்கே உள்ள வந்து, "கேப்டன் மேல கூப்பிடுறாரு. உடனே வா"ன்னா. அவ முகம் நல்லா இல்லை.

அதே நாள், மறுபடியும்

நுணலும் தன் வாயால் கெடும்னு அஞ்சாங்கிளாஸ்ல படிச்சேன். மனப்பாடம் பண்ணி மார்க்கும் வாங்கினேன். புத்தி மட்டும் வாங்கலை.

மேல போனா, மேஜையில வீராப்பென். பக்கத்துல கேப்டன், முகம் வெளுத்துப்போயி. வீராப்பென் முதலாளி புதுசா வச்சிருக்கிற கணக்காயராம். படகுச் செலவு ஏன் இப்படி ஏறுதுன்னு பார்க்க அனுப்பியிருக்காரு.

"புத்தகத்துல சமையல்காரர் சம்பளம் ஆறாயிரம். சமையல்காரர் பன்னெண்டுங்காரு. மீதி ஆறாயிரம் எங்க இருந்து வருது கேப்டன்? மளிகைப் பில்லுல இருந்தா, டீசல்ல இருந்தா? இல்லாத பால்கனி அறை ஒண்ணை வேற குடுத்திருக்கீங்க. இவரு சொன்னாத்தான் நங்கூரத்தைத் தூக்குவீங்களாமே. இவருக்கு நீங்க எதுக்குப் பயப்படுறீங்க?"

கேப்டன் இருபத்திரண்டு வருஷமாக் கடல்ல இருக்கிற மனுஷன். ஒரு யூரோ கூட அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போனதில்லை. அவரு என்னை ஏசியிருந்தாத் தாங்கியிருப்பேன். ஏசலை. "கோமோ, நான் உனக்கு என்ன செஞ்சேன்?"னு மட்டும் கேட்டாரு. இவங்க வாயில கோமதிநாயகம் நுழையாது, கோமோதான். என் கல்யாணத்துக்காக இந்த மனுஷன் வேலை போகணுமா?

எல்லாத்தையும் கக்கிட்டேன். பொண்ணு, அப்பா, அகவிலைப்படி, டீக்கடை, டென்மார்க் எல்லாம். "சார், சம்பளம் ஆறாயிரந்தான். தனி அறை இல்லை, ரொமெல்கூடப் படுக்கேன். பால்கனின்னு சொன்னது கக்கூஸ் ஜன்னல். அதுவும் திறக்காது."

கதவுகிட்ட நின்ன ஆன்னெக்கே வாயைப் பொத்திக்கிட்டு வெளிய ஓடினா. அங்க போய் அவ சிரிச்ச சிரிப்பு துறைமுகம் வரைக்கும் கேட்டிருக்கும்.

வீராப்பென் மட்டும் சிரிக்கலை. "விசாரிக்க வந்த ஆளுன்னா நினைச்ச?"ன்னு கேட்டாரு. ஆமான்னேன். "என் தங்கச்சி கல்யாணத்துக்கு நான்தான் மாப்பிள்ளை வேலை பார்த்த சர்க்கரை ஆலைக்குப் போயி விசாரிச்சேன். நீ சொன்னதை விடக் கம்மியாத்தான் அவன் பொய் சொன்னான்"னாரு. போனை எடுத்து, தட்டி வச்சது அத்தனையும் என் கண்ணு முன்னாடியே அழிச்சாரு. கேப்டன்கிட்ட எழுந்து கை குடுத்து மன்னிப்புக் கேட்டாரு.

கேப்டன் எனக்குக் குடுத்த தண்டனை: சீசன் முடியிற வரைக்கும் ஞாயித்துக்கிழமை தோறும் அவங்க ஊரு சார்மா செய்யணும். முட்டைக்கோஸ் இலைக்குள்ள கறியைச் சுருட்டி மணிக்கணக்கா வேக வைக்கிறது. செய்றேன், எத்தனை வேணும்னாலும் சுருட்டுறேன்.

ஜூன் 20

சங்கரலிங்கம் இன்னைக்கு என்னை 'மாப்பிள்ளை'ன்னு கூப்பிட்டுட்டாரு. வாயைத் திறக்காம இருந்தா கல்யாணம் நடந்துரும். பேசாம இருந்துரலாம்னு காலையில முடிவு பண்ணினேன். மத்தியானம் அந்த முடிவு சரியில்லைன்னு பட்டுச்சு. சாயங்காலம் திரும்பவும் சரின்னு பட்டுச்சு. சோத்துல ரெண்டு தடவை உப்புப் போட்டுட்டேன். ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலை, எல்லாரும் என்னைப் பாவமாப் பார்க்காங்க. அதுதான் தாங்க முடியலை.

ஜூன் 21, ஞாயிறு

சார்மா அடுப்புல இருந்துச்சு. போன் அடிச்சது. புது நம்பர்.

"ஆவுடைச்செல்வி பேசுறேன். ரெண்டு நிமிஷம் பேசலாமா?"

நான் ஏப்ரனைக் கழட்டிட்டுத் தலையைச் சீவினேன். வீடியோ கால் கூட இல்லை.

"டென்மார்க் மாமா உங்களைப் பார்க்க வரவே இல்லை. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முட்டி ஆபரேஷன் ஆகி அவரு கட்டிலை விட்டு இறங்கியே ஆறு மாசம் இருக்கும்"னா.

"அப்ப உங்க அப்பா..."

"அப்பாவுக்கு நாலு பேரு சொன்னாப் போதும். அந்த நாலு பேரும் ஒரே ஆளா இருந்தாலும் பரவாயில்லை. எனக்கு அப்படி இல்லை. நீங்களே சொல்லுங்க, எது நிஜம்?"

இனிமே மறைக்க என்ன இருக்கு? சொன்னேன். சம்பளம் சொன்னேன். அரை வருஷம் அதுவும் கிடையாதுன்னு சொன்னேன். ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடை இல்லை, நான் தவறிட்டா ரெண்டு சூட்கேஸும் ஒரு நல்ல கத்தியும் வரும்னு சொன்னேன். இத்தனை வருஷமா யாருகிட்டயும் சொல்லாததையும் சொன்னேன்: எனக்குக் கடல் ஒத்துக்காது. லேசா அலை அடிச்சாலே வாந்திதான். பக்கெட்டும் கையுமாத்தான் சமைக்கேன்.

சரி, மானூர்க்காரனுக்கு அதிர்ஷ்டம்னு நினைச்சேன். நெஞ்சு கனத்துப்போச்சு, மறைப்பானேன்.

"வருஷத்துல ஆறு மாசம் வீட்லயே இருக்க மாட்டீங்களா?"ன்னு கேட்டா.

"மாட்டேன். அதான் பெரிய குறை. எனக்கே தெரியுது."

"நிச்சயமா இருக்க மாட்டீங்களா? நடுவுல லீவு கீவுன்னு வந்து நிக்க மாட்டீங்களே?"

"வர முடியாதுங்க."

"மிச்ச ஆறு மாசம் வீட்லதான் இருப்பீங்க. சமைப்பீங்களா?"

"வேற எதுவும் தெரியாதே."

மூச்சை விட்டா பாருங்க, எனக்கே இங்க காத்தடிச்ச மாதிரி கேட்டுச்சு. "அந்தக் கிராம நிர்வாக அலுவலர் தினமும் அஞ்சரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்துருவாராம். வந்ததும் காப்பி, எட்டு மணிக்குச் சுடச்சுடத் தோசை, ஞாயித்துக்கிழமை எங்கயும் போகாம வீட்லயேதான் இருப்பாராம். அவங்க அம்மா பெருமையாச் சொன்னாங்க. எனக்குக் கேக்கும்போதே தலை சுத்திருச்சு. ஒரு பொம்பளை அரை வருஷம் நிம்மதியா இருந்துட்டு, அரை வருஷம் அடுத்த ஆளு ஆக்கிப்போடுற சோத்தைத் திங்கலாம்னா, எங்க மின்வாரியத்துல கூட இந்தச் சலுகை கிடையாதுங்க. ஐப்பசியில வச்சுக்கலாமா? அப்பாகிட்ட நான் பேசிக்கிடுதேன்."

எனக்கு சந்தோஷப்படுறதா சண்டை போடுறதான்னு தெரியலை. "என்னைப் பார்க்காம இருக்கலாம்னுதானே என்னைக் கட்டிக்கிடுதீங்க?"ன்னு கேட்டுட்டேன்.

"ஆறு மாசம் பார்க்காம இருந்தாத்தான் மத்த ஆறு மாசம் ஆசையாப் பார்க்கலாம்லா"ன்னு சொல்லிட்டு, அவளுக்கே வெக்கம் வந்து போனை வச்சுட்டா.

எனக்கு இந்தப் பொண்ணை ரொம்பப் பிடிச்சிருக்கு. சந்தோஷத்துல எழுத்து கோணுது. சார்மா அடிப்பிடிச்சு புகையா வருது, கேப்டன் மேல இருந்து கத்துறாரு. கத்திட்டுப் போறாரு.